அமெச்சூர் என்றால் அலட்சியமா?

இங்கிலீஷிலிருந்து நாம் கடன் வாங்கிக் கெடுத்து வைத்திருக்கிற வார்த்தைகளில் 'அமெச்சூர்' என்பதும் ஒன்று. ஆசையினால் ஒரு காரியத்தைச் செய்கிறவன் என்பது அதன் பொருள். நாம் அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். பாட்டில் சுருதி விலகினால் அமெச்சூர்; கதையில் முடிவு சரியில்லையென்றால் அமெச்சூர்த்தனம்; கல்யாணச் சமையலில் ரசம் நீர்த்துப் போனால்கூட, "யாரோ அமெச்சூரைப் பிடிச்சுட்டாங்க போலிருக்கு" என்கிறோம். காசு வாங்காமல் செய்கிறவனுக்குக் காரியம் தெரியாது என்பது நம்முடைய தீர்மானமான அபிப்பிராயம். காசு வாங்குகிறவர்கள் செய்கிற காரியங்களின் லட்சணத்தை அன்றாடம் அனுபவித்துக்கொண்டே இந்த அபிப்பிராயத்தையும் விடாமல் காப்பாற்றி வருகிறோம்!

இந்தச் சொல்லுக்காக வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்குக் கார் ஓட்டுகிற விஷயத்தில் வந்து சேர்ந்தது. என் சிநேகிதர் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், தம் பேரனுடைய கைபேசியில் ஒரு படம் பார்த்திருக்கிறார். ஜப்பானில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில், சில இளைஞர்கள் பழைய கார்களைப் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கி, டயரிலிருந்து புகை கிளம்பக் கிளம்ப ஓட்டுகிறார்கள். 'டிரிஃப்ட்' என்று அதற்குப் பெயர். அதிலே போட்டியும் உண்டு, மார்க்கும் உண்டு.

"இதுக்குப் பேர் விளையாட்டா ஸார்?" என்று என்னிடம் பாய்ந்தார் அவர். "பந்தயம்னா ஒருத்தன் முந்தணும், ஒருத்தன் பிந்தணும். இதிலே அதுவும் இல்லை. பெட்ரோலுக்குத் தண்டம், டயருக்குத் தண்டம். இதுகளைப் பார்த்துட்டுத்தான் நம்ம ஊர்ப் பசங்களும் ரோட்டிலே சாகறான்கள். சம்பளம் வாங்கிக்கிட்டுச் செய்யறான்னாலும் போகட்டும். கைக்காசைப் போட்டுன்னா செய்யுதுகளாம்!"

முன் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நான். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

டிரிஃப்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மழைநாளில் வளைவில் திரும்பும்போது காரின் பின்சக்கரங்கள் பிடியை விட்டு நழுவுவது உண்டு. நமக்குக் குலை நடுங்கிப் போகும். அந்த நழுவலை வேண்டுமென்றே வரவழைத்து, வந்ததை அடக்கி, வளைவு முடிகிற வரையில் கலைந்து போகாமல் வைத்திருப்பதுதான் டிரிஃப்ட். எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றுகிற வண்டி இதற்கு உகந்தது. கிளட்சை ஓங்கி ஒரு மிதி மிதித்தோ, ஹாண்ட் பிரேக்கை ஒரு சுண்டு சுண்டியோ வண்டியின் பின்பாகத்தை விலக்கிவிட வேண்டும். அப்புறம் வண்டி வலப்பக்கம் வளைந்து போகும்; ஸ்டீயரிங்கோ இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஆக்ஸிலேட்டரில் வைத்த கால் ஓர் இழை கூடிப் போனால் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும். ஓர் இழை குறைந்தால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டி சட்டென்று நேராகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் இருக்கிறதே, அதன் மேல் நிற்கிறான் அந்தப் பையன்.

திருவாரூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. வீதியில் நேரே வருகிற தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்; ஆனால், வீதிமுனையில் அது திரும்புகிறபோதுதான் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. மசகு தடவிய இரும்புத் தகட்டின் மேல் சக்கரம் நழுவ, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தனை பெரிய தேர் அசைந்து திரும்புகிறது. எத்தனை நிமிஷத்தில் திரும்பிற்று என்று அங்கே யாராவது கடிகாரத்தைப் பார்த்தார்களா? முந்துவதும் பிந்துவதும்தான் போட்டி என்று என் சிநேகிதருக்கு எந்தச் சாஸ்திரம் சொல்லிற்றோ, தெரியவில்லை.

இதன் பிறப்பு கௌரவமான பிறப்பல்ல என்பதை நான் மறைக்கப் போவதில்லை. குனிமிட்சு தகஹாஷி என்று ஒருவர். 1961-ல் மேற்கு ஜெர்மனியில் நடந்த மோட்டார் சைக்கிள் கிராண்ட் ப்ரீயில் ஹோண்டாவில் ஓட்டி ஜெயித்தவர். உலகப் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் ஜப்பானியர் அவர்தான். பிற்பாடு, 1970-களில், கார்ப் பந்தயங்களில் வளைவுகளை இப்படி நழுவியே கடந்தார். அதைப் பார்த்துச் சொக்கிப் போனவர்களில் ஒருவர் கெய்ச்சி ட்சுச்சியா. அவர் பழகிய இடம் பந்தயத் தடம் அல்ல. ராத்திரி நேரத்து மலைப்பாதைகள். சட்டப்படி குற்றம், நியாயப்படியும் குற்றந்தான். எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்? 1987-ல் அவர் மலையில் ஓட்டுவதை வீடியோவாகப் பிடித்து வெளியிட்டார்கள். அதன் பலனாக அவருடைய லைசென்ஸைச் சிலகாலம் பறித்து வைத்தார்கள். சரியான தண்டனை என்றே நானும் சொல்வேன்.

ஆனால், அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். போலீஸ்காரர்கள் துரத்தினார்கள், வளைவுகளில் வண்டி உதறுகிற மாதிரி மேட்டுப் பட்டைகளைப் போட்டார்கள். அதோடு நின்றிருந்தால் விஷயம் இன்றைக்கும் ராத்திரி விவகாரமாகவே இருந்திருக்கும். அந்த 1980-களின் பிற்பகுதியிலேயே அங்குள்ள கார்ப் பத்திரிகைகள் ஒரு வேலை செய்தன. பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்து, "வாருங்கள், இங்கே வந்து சறுக்கிக் காட்டுங்கள், யாருடையது அழகு என்று நாங்கள் சொல்கிறோம்" என்று அமெச்சூர்களைக் கூப்பிட்டன. பத்திரிகைக்காரன் உருப்படியாக ஒன்று செய்தான் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. நம் பத்திரிகைகளும் போட்டி வைக்கின்றன: கோலப் போட்டி, சமையல் போட்டி, சிறுகதைப் போட்டி. கடைசியில் சொன்னதற்கு மதிப்பெண் போட்டுவிட்டுச் சிநேகிதர்களை இழந்தவன் நான்.

1995-ல் பிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓடுகிற லெ மான் பந்தயத்தில், ஒரே ஹோண்டா காரை மாற்றி மாற்றி ஓட்டி அதன் பிரிவில் முதலாவதாக வந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் தகஹாஷி. இன்னொருவர், லைசென்ஸ் பறிபோன அந்த ட்சுச்சியா! குருவும் சிஷ்யனும் ஒரே ஆசனத்தில். என்னைப் போன்ற கதை எழுதுகிறவன் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், 'நம்ப முடியவில்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். 2001-ல் இதற்கென்று டி1 கிராண்ட் ப்ரீ என்ற தொடர்ப் போட்டி ஏற்பட்டது. 2017-ல், ஃபார்முலா 1 பந்தயத்துக்கு விதி எழுதுகிற அதே சர்வதேசச் சம்மேளனம் டோக்கியோவில் டிரிஃப்டுக்கு ஒரு கோப்பை வைத்தது.

இதைச் சொன்னதும் என் சிநேகிதரின் முகம் மாறிற்று. "அப்படியா? அப்போ அது அங்கீகாரம் பெற்ற விளையாட்டுதான்" என்றார். எனக்கு அவருடைய முந்தைய கோபமே தேவலை என்று தோன்றிற்று. முத்திரை விழுந்ததும் மரியாதை பிறக்கிறதே, அந்த மரியாதையைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. கோப்பைக்காக ஓட்டுகிறவனுக்குக் கம்பெனி டயர் கொடுக்கிறது. மெக்கானிக்குகள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். அவனைப் பாராட்ட ஆயிரம் பேர் உண்டு. நான் பேச வந்தது, முத்திரை விழாதவனைப் பற்றி.

2023-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் நான் ஜப்பான் போயிருந்தேன். என் தங்கை மகன் அங்கே கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில்களைப் பார்த்துச் சலித்துப் போயிருந்த என்னைக் காரில் வைத்து, ஃபுகுஷிமா மாநிலத்தில் நிஹோன்மட்சு என்ற ஊருக்கு மேலே மலையில் இருக்கிற எபிசு என்ற பந்தயத் தடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரே மலையில் சின்னதும் பெரியதுமாகப் பல தடங்கள். பக்கத்திலேயே மிருகங்களைத் திறந்தவெளியில் விட்டு வைத்திருக்கிற பூங்கா ஒன்று. 2021 பிப்ரவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து மண் வந்து தடத்தின் மேல் விழுந்ததாம். அள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் பார்த்தவர்களில் ஒருவரும் பெயர் பெற்றவரல்லர். தச்சு வேலை செய்கிறவன், மருந்துக்கடைச் சிப்பந்தி, காய்கறி லாரி ஓட்டுகிறவன் என்று மருமகன் விசாரித்து விசாரித்துச் சொன்னான். வண்டிகளோ, ஓட்டுகிறவனைவிட வயதில் மூத்தவை. நிஸ்ஸான் கம்பெனி உற்பத்தியை நிறுத்திப் பல வருஷங்களான சில்வியா கார்கள். முன்பக்கத்து பம்பர் பிளந்துபோன இடத்தில், டாக்டர் தையல் போட்ட மாதிரி பிளாஸ்டிக் நாடாக்களைக் கோத்து இறுக்கியிருந்தார்கள். வேறு யாரோ தேய்த்துக் கழித்துப் போட்ட டயர்கள் ஆறேழை ஒவ்வொருவனும் பின் ஸீட்டில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தான். காலையிலே வந்த வண்டியிலேயே சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கவலை சிலருடைய முகத்தில் தெரிந்தது.

"மாமா, யார் ஜெயிச்சான்னு கேக்காதீங்க. எப்படிப் போனான்னு பாருங்க" என்றான் மருமகன்.

முதலில் தனித்தனியாக ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக. இந்த இரட்டை ஓட்டத்தில்தான் நான் மயங்கிப் போனேன். முன்னால் போகிறவன் ஒரு கோலம் போட்டுக்கொண்டு போகிறான். பின்னால் வருகிறவன் அதே கோலத்தை, ஒரு முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு, அதே கோணத்தில் போட்டாக வேண்டும். முந்திவிட்டால் ஜெயம் அல்ல. அடுத்த தடவை, பின்னால் வந்தவன் முன்னால் போகிறான். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வரும்போது, மிருதங்கக்காரர் விட்ட கோர்வையைக் கடக்காரர் வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கிறாரே, அதுதான் இது. அங்கே யார் ஜெயித்தார் என்று கேட்கிறவனைச் சபையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவோம். (சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களுக்கு இந்த உவமை பயன்படாது; மன்னிக்கவும்.)

ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், மூன்று முறை ஓடினான். மூன்று முறையும் ஒரே வளைவில் வண்டி நேராகிவிட்டது. மார்க்கும் விழவில்லை. நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் உள்ளூரில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஒரு நடுவயதுக்காரர். மேடையிலிருந்து இறங்கி வந்து, அவனுடைய ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்ன சொல்கிறார் என்று மருமகனைக் கேட்டேன்.

"சுவரைப் பார்த்ததும் காலை எடுத்துடறே, பயப்பட்டாலும் பரவாயில்லை, காலை மட்டும் எடுக்காதேங்கறார், மாமா. இதே வளைவிலே ஒரு வருஷம் பூரா அவரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டிருந்தாராம்."

நான்காவது முறை அந்தப் பையன் காலை எடுக்கவில்லை. வண்டி சுழன்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டு புல்லில் போய் நின்றது. கூடியிருந்த ஐம்பது அறுபது பேரும் கைதட்டினார்கள். பக்கத்துப் பூங்காவிலிருந்து ஒரு சிங்கம் குரல் கொடுத்தது.

இந்தக் கைதட்டலுக்கு என்ன விலை என்றுதான் என் சிநேகிதர் கேட்கிறார். கைக்காசைப் போட்டுச் செய்கிறார்களே என்று அங்கலாய்க்கிறார். ஸ்வாமி, கைக்காசைப் போட்டுச் செய்தவர்கள்தாம் உமக்கும் எனக்கும் மூன்று தலைமுறையாகப் பொழுதுபோக்கையும் கலையையும் கொடுத்தவர்கள்! 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ சபையை ஆரம்பித்தபோது, கூத்தாடுவது இழிதொழில் என்று ஊர் சொல்லிற்று. படித்தவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டார்கள். பின்னால் அவரே நீதிபதி ஆனார். 1952-ல் ஒய். ஜி. பார்த்தசாரதி குழு ஆரம்பித்தபோது, 'யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று அந்தச் சொல்லைப் பெயரிலேயே சூட்டிக்கொண்டார். அவருக்கு அது வசையாகப் படவில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்தாமே கே. பாலசந்தர்? சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ் பிடித்து ஒத்திகைக்கு ஓடியவர்கள், முதல் காட்சியில் வசனத்தை மறந்து விழித்தவர்கள், அதற்காக முன் வரிசையில் சிரிப்பு வாங்கியவர்கள் — அவர்களுக்கெல்லாம் தடுமாற ஒரு மேடை இருந்தது. தப்பு செய்வதற்கு ஓர் இடம்! அதைத்தான் நான் கேட்கிறேன்.

பெட்ரோல் வீண் என்கிறார்கள். வீண்தான். ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் நாம் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, ஊர்வலம் விட்டு, வெடி வெடித்து வீணாக்குவதோடு ஒப்பிட்டு அப்புறம் பேசலாம். புகையும் சத்தமும் உபத்திரவம் என்றால், ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

'நம் பையன்கள் ரோட்டில் சாகிறார்கள்' என்று சொன்னாரே, அது அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 2022-ம் வருஷத்தில் இந்த நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கு சொல்கிறது. பெரும்பாலான சாவுக்கு மிதமிஞ்சிய வேகம்தான் காரணம் என்றும் சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுகிறவர்களுக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர்கள் பணயம் வைப்பது தங்கள் உயிரை மட்டுமல்ல; மீன்கூடையோடு சாலையைக் கடக்கிற கிழவியின் உயிரையும்தான். பிடிக்கட்டும், அபராதம் போடட்டும், வண்டியைப் பறிக்கட்டும்.

பிறகு? பறித்த பிறகு என்ன? இந்தக் கேள்வியை நம்மில் யாரும் கேட்பதில்லை. நிஹோன்மட்சுவில் அந்தப் பையனின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பேசுவதற்கு ஒரு பெரியவர் இருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? கைபேசியில் படம் பிடிக்கிற கூட்டாளி இருக்கிறான். அவனுக்கப்புறம் போலீஸ்காரர். அவருக்கும் அப்புறம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாயார். களம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் ரோடு சுத்தமாகிவிடும் என்று நான் ஜாமீன் கொடுக்கவில்லை. ஜப்பானிலேயே இன்னும் மலைப்பாதையில் திருட்டுத்தனமாகச் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், களமே இல்லாத இடத்தில், 'உனக்கு ரோடுதானா கிடைத்தது?' என்று பையனைக் கேட்கிற யோக்கியதை நமக்கு இல்லை என்பதுதான் என் கட்சி.

நமக்கும் ஒரு காலத்தில் களம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம். 1953-ல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திற்று. பணக்காரர்களும் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகிற ஃபியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் தாங்களே பிரித்துப் போட்டுப் பூட்டிக்கொண்டு வந்தவர்களும் அங்கே ஓட்டினார்கள். ஜனங்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். 1990-ல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் கட்டிக்கொண்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்திலும் ஒரு தடம் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்களே. 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 வரையில் போனது சும்மா நடந்துவிடவில்லை. ஆனால் அங்கே பந்தயத்தில் ஓட்டுவதற்கு லைசென்ஸ் தனி, உடுப்பு தனி, அதற்கென்று தயாரித்த வண்டி தனி. மருந்துக்கடைச் சிப்பந்தி தன் பழைய காரை எடுத்துக்கொண்டு, பின் ஸீட்டில் தேய்ந்த டயரோடு, அந்தப் பந்தய வரிசையில் போய் நிற்க முடியுமா?

2024 ஆகஸ்டு 31-ம் தேதியும் செப்டம்பர் 1-ம் தேதியும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளை அடைத்து, விளக்குகளை எரியவிட்டு, ராத்திரியில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்தினார்கள். கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும்தான் டெலிவிஷனில் பார்த்தேன். வெளிச்சம் அழகாக இருந்தது. ஆயினும், ஒரு நகரம் தன் பெரிய சாலைகளை இரண்டு நாள் தொழில் ஓட்டக்காரர்களுக்காக மூடித் தர முடிகிறதென்றால், ஊருக்கு வெளியே ஓர் ஏக்கர் கணக்கு சிமெண்டுத் தரையை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்தப் பையன்களுக்குத் தர முடியாதா? பார்ப்பதற்கு மட்டும் டிக்கெட் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தால், அவன் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் என்ன செய்வான் என்று இருபது வயதில் இருந்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

செலவு ஒன்றும் பிரமாதமில்லை. சுற்றிலும் பழைய டயரை அடுக்கி வேலி, தலைக்கவசம் இல்லாதவனை உள்ளே விடாமல் இருக்க வாசலில் ஓர் ஆள், ஓர் ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி ஒன்று, தீயணைக்கவும் ஆகும், தரையை நனைக்கவும் ஆகும். நனைந்த தரையில் சறுக்கினால் வேகமும் குறைச்சல், டயர்ச் செலவும் குறைச்சல் என்று என் மருமகன் சொல்கிறான். நீதிபதிக்கு வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டாம். எந்த ஊர் மெக்கானிக் ஷெட்டிலும் கிடைப்பார். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடலாம், பஸ் சார்ஜ்கூட வேண்டாம். மார்க் போட மட்டும் கூப்பிடாதீர்கள். சிறுகதைப் போட்டியில் பட்டது போதும்.